தந்தி ஓயும்வரை வாயை மூடுங்கள்

எங்கள் வீட்டு ஃபிரிஜ் இருமும். பிறகு முனகும். பிறகு யாரோ உதைத்தது போல ஒரு தடவை குலுங்கி நிற்கும். நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பதே தெரியும். இப்படிப்பட்ட ஒரு சாமானை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறேன் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். நானும் பல காலம் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன்.

நான் மீன் லொறி ஓட்டியவன். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு ஐஸ் பெட்டிகளோடு ஓடிய காலத்தில் எஞ்சினோடு மல்லுக்கட்டித்தான் பாட்டுக் கேட்டேன். லொறியை விற்றுவிட்டுக் குறிஞ்சிப்பிட்டியில் வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது ஒரு பழைய ரெக்கோர்ட் பிளேயரும், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும், ஒரு பெட்டி இசைத்தட்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் ஒரு தட்டில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து போயிருந்தது. வாசிப்பவர் யாரென்று தெரியாது. ஒரு மனிதர் தனியாக இருந்து சித்தார் வாசிக்கிறார். கடைசியில் ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அந்தச் சத்தம் மெலிகிறது, இன்னும் மெலிகிறது, தலைமயிர் அளவுக்கு மெலிகிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த இடத்தில் எங்கள் ஃபிரிஜ் இருமும்.

மகன் கட்டாருக்குப் போனதால் ஓர் அறை காலியானது. பிளேயரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அதே அறையை என் மனைவியும் பார்த்து வைத்திருந்தாள். அவள் உடுப்புத் தைக்கிறவள். பெருநாள் நெருங்கினால் ஊர்ப் பெண்களின் துணி முழுவதும் எங்கள் ஹோலில்தான் கிடக்கும். கதிரையில் இருப்பதென்றால் யாரோ ஒருத்தியின் சட்டையை எடுத்துவிட்டுத்தான் இருக்கவேண்டும். மெஷினையும் துணியையும் வைக்க அவளுக்கு ஓர் அறை வேண்டும். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

"ஒரு கம்பிச் சத்தத்துக்கு ஒரு அறையா?" என்றாள்.

"கம்பி இல்ல. தந்தி."

"தந்தி எண்டா மவுத்துச் செய்தியெல்லோ கொண்டுவரும்."

மவுத்து என்றால் சாவு. இப்படித்தான் கதைப்பாள். பிறகு சிரிப்பாள். அவள் சிரித்தால் சண்டை பிடிக்க முடியாது. கடைசியில் அவளே ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"பெருநாள் வேலை தொடங்க முந்தி, அந்தத் தந்தி முடியிற வரைக்கும் எனக்குக் கேக்கப் பண்ணுங்க. கேட்டா அறை உங்களுக்கு. கேக்கல்லாட்டி என்ட மெஷினுக்கு. நானா வந்திருந்து தீர்ப்புச் சொல்லட்டும்."

நானா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்; அவள் சொன்னது தன் மூத்த சகோதரனை. எனக்கு மச்சான். தில்லையடியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். வாளிக்கும் வாளி மூடிக்கும் தீர்ப்புச் சொல்லியே பழகிய ஆள். சரி என்றேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். அறைக்குள் கதிரை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, என்னென்ன சத்தம் வருகிறது என்று கேட்டேன். நான் வசிப்பது ஒரு வீடு அல்ல, ஒரு சந்தை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஃபிரிஜ். மின்விசிறி. கச்சான் காற்றில் அடித்துக்கொள்ளும் கூரைத் தகரச் சீற். கதவுக்குக் கீழே விசிலடிக்கும் இடைவெளி. அடுத்த வளவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாணும் பணிஸும் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ. அதற்குப் பதில் சொல்லும் நாய். நாயைத் திட்டும் நான்.

ஃபிரிஜ்ஜைப் பின்குசினிக்குத் தள்ளினேன். கூரையில் ஆட்டங்கண்ட சீற்றுக்கெல்லாம் ஆணி அடித்து மேலே மணல் மூட்டை வைத்தேன். கதவுச் சட்டத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். ஜன்னலுக்குத் தும்பு மெத்தை ஒன்றை நிறுத்தி வைத்து அடைத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அறைக்குள் எதிரொலி இருந்தது. தும்மினால் திரும்பித் தும்மியது. சுவருக்கு மெத்தென்று ஏதாவது வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். துறையில் பழைய வலை சும்மா கிடக்கிறது. அள்ளிக்கொண்டு வந்தேன். பலகையில் சட்டம் அடித்து, உள்ளே வலையை அடைத்து, சுவர் முழுவதும் சாத்தினேன். எதிரொலி செத்தது. அருமையான வேலை என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டு தட்டைப் போட்டேன். சித்தார் தொடங்கி இரண்டு வரி போகவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை கத்தியது. பிறகு இன்னொன்று. வலையை நான் கழுவித்தான் போட்டேன். ஆனால் எங்கள் கடலில் வருடக்கணக்காக மீன் பிடித்த வலையின் வாசனை சோப்புக்குப் பயப்படாது. ஊரிலுள்ள பூனையெல்லாம் என் ஜன்னலுக்குக் கீழே கூடி, அறைக்குள் ஒரு பெரிய பாரை மீன் ஒளிந்திருப்பதாக முடிவெடுத்துவிட்டன. ஒன்று கூரையில் ஏறி மணல் மூட்டையைப் பிறாண்டியது. நான் வெளியே போய்க் கத்தினேன். பூனைகள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தன.

"சத்தத்தக் குறைக்கிறன் எண்டு ஒரு கச்சேரிக் கோஷ்டியையே கூட்டிட்டு வந்திட்டீங்க," என்றாள் மனைவி. வாசற்படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

வலையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தும்பு வாங்கினேன். தும்புதான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய சாமான். சிலாபம் பக்கம் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. சட்டத்துக்குள் தும்பை அடைத்தேன். மேலே போர்த்துவதற்குத் துணி வேண்டும். கஞ்சி போட்ட துணி சரிவராது. விறைப்பாக நின்று, ஸ்பீக்கர் கொஞ்சம் உறுமினாலே படபடவென்று அடிக்கும். ஆகவே கஞ்சி போடாத பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கவேண்டும். கற்பிட்டியில் எனக்குத் தெரிந்த துணிக்கடைக்குப் போனேன்.

"வெள்ளப் பருத்தித் துணி வேணும். கஞ்சி போடாதது," என்றேன்.

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஆருக்கு நானா?"

"எனக்குத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு துணிக்கட்டை எடுத்துப் போட்டார். விரலால் தேய்த்துப் பார்த்தேன். கஞ்சி இருந்தது. இதை எனக்கு விற்கப் பார்க்கிறீரா என்று கேட்டேன். இன்னொன்று எடுத்தார். அதிலும் இருந்தது. கொஞ்சம் சத்தம் போட்டேன். கடைசியில் உள்ளே போய் ஒன்று கொண்டுவந்தார். அதிலும் கொஞ்சம் இருந்தது, ஆனால் கழுவினால் போகும். வழக்கமாக விலையில் ஒரு சதம் குறைக்காத மனிதர், அன்றைக்கு நான் கேட்காமலே குறைத்தார். சத்தம் போட்டதால் குறைத்தார் என்று நினைத்தேன்.

இனி வெளிச் சத்தம். தண்ணீர் மெஷினும் சூன் பாணும் சுவருக்கு அடங்கவில்லை. நேரே போய்ச் சொல்லத்தான் வேண்டும். மனைவி என்னை மறித்தாள்.

"நீங்க போய் ஏசினா அந்த ஆள் ரெண்டு மெஷின் போடுவார். ஏற்கனவே எத்தன தரம் ஏசியிருக்கீங்க. போய் மெதுவாக் கதைங்க. முந்தி ஏதும் பேசியிருந்தா பொறுத்துக்கங்க எண்டு ஒரு சொல் சொல்லுங்க. உங்கட வாய் தேஞ்சிடாது."

போனேன். வெங்காயத் தோட்டக்காரர் வரப்பில் நின்றார். என்னைக் கண்டதும் சண்டைக்குத் தயாராக மண்வெட்டியை ஊன்றினார். நான் சலாம் சொன்னேன். "முந்தி ஏதும் கூடாமப் பேசியிருந்தா பொறுத்துக்கங்க," என்றேன். "தயவுசெஞ்சு நாளைக்குப் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு பின்னேரம் அஸர் வரைக்கும் மெஷின நிப்பாட்டி வைங்க. வீடு அமைதியா இருக்கணும். அதுக்குப் பிறகு உங்ககிட்ட நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

மண்வெட்டி அவர் கையிலிருந்து சாய்ந்தது. "ஓம் நானா," என்றார். "நீங்க யோசிக்காதீங்க. நீங்களும் என்னப் பொறுத்துக்கங்க." அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. சூன் பாண்காரரிடமும் அதையே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. காசு வேண்டாம் என்று ஒரு சீனி பணிஸும் தந்தார். பணிவாகக் கதைத்தால் மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாகி விடுகிறார்களே என்று யோசித்துக்கொண்டு பணிஸைத் தின்றபடி வந்தேன்.

மறுநாள் காலையில் துணியைக் கஞ்சி போக அலசினேன். சட்டத்துக்கு ஏற்ற பெரிய துண்டுகளையும், ஓரத்துக்கு ஒட்ட வேண்டிய நீளத் துண்டுகளையும் ரோட்டோர வேலியில் காயப்போட்டேன். காற்று அங்கேதான் நன்றாக அடிக்கும். பெரிய துண்டுகள் சீக்கிரம் காய்ந்தன. எடுத்துப் போர்த்தினேன். ஓரத் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டேன். அறையிலும் ஹோலிலும் இருந்த கதிரைகளை எல்லாம் முற்றத்தில் வரிசையாகக் கொண்டுபோய் வைத்தேன். மரக் கதிரை, தாழ்ந்த சத்தத்துக்குக் கூடவே முனகும். ஃபிரிஜ்ஜின் வயரைப் பிடுங்கினேன். டிவி இல்லை, விசிறி இல்லை, தையல் மெஷின் இல்லை. மச்சான் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் பாயில் இருந்தோம். கதவைச் சாத்தினேன்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது. தண்ணீர் மெஷின் நின்றிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது. மச்சானுடைய மூக்கில் ஏதோ ஒரு சின்ன விசில் இருந்தது. வாயால் மூச்சு விடும்படி சைகை காட்டினேன். எனக்கு இரண்டு கன்னமும் தாமாகச் சிரித்தன. ஊசியை வைத்தேன்.

சித்தார்காரர் எங்கள் பாயிலேயே வந்து இருந்தது போல இருந்தது. அவர் விரல் தந்தியில் வழுக்குவது கேட்டது. ஒரு இடத்தில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. இத்தனை காலம் அந்த மூச்சு தட்டுக்குள் இருந்திருக்கிறது. மனைவி கண்ணை மூடியிருந்தாள். கடைசி இடம் வந்தது. ஒற்றைத் தந்தி. மெலிந்தது. இன்னும் மெலிந்தது.

அப்போது முற்றத்து மணலில் செருப்புகள் உரசுவது கேட்டது. யாரோ கதிரையில் அமர்ந்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். உள்ளே அவ்வளவு அமைதியாக இருந்ததால் வெளியே கிசுகிசுத்ததும் சொல் சொல்லாகக் கேட்டது.

"எப்ப நடந்திச்சாம்?" அது தோட்டக்காரர்.

"காலையில இருக்கும். வெள்ளக்கொடி காலையிலயே கட்டிட்டாங்க," என்றார் சூன் பாண்காரர்.

"நேத்து எனக்கிட்ட வந்து பொறுத்துக்கங்க எண்டு சொன்னார். எனக்கு அப்பவே விளங்கிட்டு. அந்த மனிசன்ட வாயில தயவுசெஞ்சு எண்டு வந்தா அது உசிர் போற சக்கராத்து நேரம்தான்."

"எனக்கிட்ட வந்து கபன் துணி வாங்கினார்," என்றது இன்னொரு குரல். துணிக்கடைக்காரர். செய்தி கேட்டுக் கற்பிட்டியிலிருந்து வந்திருக்கிறார். நான் வாங்கிய வெள்ளைத் துணி அவருடைய கணக்கில் இறந்தவரைச் சுற்றும் கபன். "ஆருக்கு எண்டு கேட்டன். எனக்குத்தான் எண்டார். கொஞ்சம்கூடக் கலங்கல்ல. ஆனா துணி சரியில்லையெண்டு என்னோட சண்ட பிடிச்சார்."

"கபனுக்குமா?"

"கபனுக்கும்தான்."

ஹஜ்ஜுக்குப் போகிறவனும் மவுத்தை எதிர்பார்க்கிறவனும்தான் எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுவான். நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பது ஊருக்குத் தெரியும். வேலியில் வெள்ளைத் துணி பறப்பதும் முற்றத்தில் கதிரை வரிசையாக நிற்பதும் மவுத்து வீட்டின் அடையாளம்.

"பள்ளிவாசல்ல இன்னும் அறிவிக்கல்லையே," என்றார் ஒருவர். "உள்ளுக்கு என்ன பாட்டா கேட்டது?"

"மையத்து வீட்டுல பாட்டா? காதக் கழுவுங்க."

பிறகு எதிர்வீட்டுப் பெண்மணியின் குரல், பெருமூச்சோடு: "பாவம் அவ. இனியாவது கொஞ்சம் நிம்மதியா இருப்பா."

என் மனைவி முக்காட்டை வாயில் திணித்தாள். போதவில்லை. அடக்கிய சிரிப்பு மூக்கால் வெடித்தது. பிறகு எல்லாப் பக்கத்தாலும் வெடித்தது. பாயில் சரிந்து விழுந்து சிரித்தாள். மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டு குலுங்கினார். ஊசி தட்டின் கடைசி வளையத்தில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. தந்தி எப்போதோ முடிந்துவிட்டது.

"கேட்டிச்சா?" என்றேன்.

"கேக்கல்ல," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பொய் சொல்ல அவளுக்கு வராது.

"தீர்ப்புச் சொல்லவா?" என்றார் மச்சான்.

"வாய மூடுங்க மச்சான்," என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

முற்றத்தில் என் கதிரைகள் நிறைந்திருந்தன. இருந்தவர்கள் எல்லோரும் எழும்பினார்கள். முதலில் மரியாதைக்கு எழும்பினார்கள், என் முகத்தைக் கண்டதும் பயத்தில் ஓரடி பின்னுக்குப் போனார்கள். சூன் பாண்காரரின் உதடு ஓதுவதை நிறுத்தாமலே இருந்தது.

"நான் மவுத்தாகல்ல," என்றேன்.

"அப்ப வேலியில வெள்ளக்கொடி?" என்றார் தோட்டக்காரர்.

"கொடியில்ல. துணி. காயுது."

"என்ட மெஷின நிப்பாட்டினது?"

"பாட்டுக் கேக்க."

அவர் தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், நானும் தயாரானேன். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. துணிக்கடைக்காரர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பெண்மணி மட்டும், தான் சொன்னது உள்ளே கேட்டிருக்குமோ என்ற யோசனையில் வானத்தைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். மவுத்து வீட்டுக்கு வந்தவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபப்படவேண்டும் போல இருந்தது, கோபம் வரவில்லை. நானும் வாசற்படியில் இருந்துகொண்டு சிரித்தேன்.

மனைவிதான் முதலில் நிறுத்தினாள். "இஞ்ச பாருங்க," என்றாள் எல்லோருக்கும். "மெஷின் எப்படியும் நிண்டுதான் கிடக்கு. அஸருக்கு இன்னும் நேரம் இருக்கு. எல்லாரும் வாய மூடிக்கிட்டு நிண்டீங்க எண்டா ஒருக்கா ஒழுங்காக் கேக்கலாம். இந்த மனிசன் எதுக்காக மவுத்தானார் எண்டு நீங்களும் பார்த்திட்டுப் போகலாம்."

வந்தார்கள். அறைக்குள் கொள்ளாமல் கதவு வரைக்கும் நின்றார்கள். கதவைச் சாத்த முடியவில்லை. வெளியே நின்றவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று மச்சான் ஜன்னல் மெத்தையையும் இழுத்து நகர்த்திவிட்டார்.

"கதவையும் ஜன்னலையும் திறந்து வச்சுக் கேக்கிறதெண்டா, நான் இவ்வளவு நாளும் என்ன மயிருக்கு..." என்று தொடங்கினேன்.

"ஸ்ஸ்," என்றார்கள் எல்லோரும்.

ஊசியை வைத்தேன். ஒருவரும் அசையவில்லை. மவுத்து வீட்டில் எப்படி நிற்கவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கையைக் கட்டி, நிலத்தைப் பார்த்து, மூச்சையும் மெதுவாக விட்டு நின்றார்கள். கதவும் ஜன்னலும் திறந்திருந்தும், தும்பும் டியூப்பும் மணல் மூட்டையும் தராத ஓர் அமைதி அங்கே இருந்தது. நான் இதைச் சொல்வதற்குக் கூச்சப்படுகிறேன், அவ்வளவு வேலை செய்தவன் நான். ஆனால் அதுதான் உண்மை.

கடைசி இடம் வந்தது. ஒற்றைத் தந்தி. மெலிந்தது. முன்பு கேட்ட இடத்தைத் தாண்டிப் போனது. நான் ஒருநாளும் போகாத இடத்துக்குப் போனது. நூலானது, நூலின் நிழலானது. முடிந்தது. ஊசியைத் தூக்கக் கையை நீட்டினேன்.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் போகுது," என்றாள் வாய்க்குள்.

காதைக் கூர்மையாக்கினேன். எனக்கு ஒன்றும் இல்லை. மச்சானைப் பார்த்தேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தோட்டக்காரர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அங்கேதான் பாட்டு நடப்பது போல.

"ம்," என்றாள். "இப்ப முடிஞ்சிட்டு."

பிறகு மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அறை எனக்கு என்று தீர்ப்புச் சொன்னார். மெஷின் ஹோலிலேயே இருக்கட்டும் என்று மனைவி சொன்னாள். சொன்ன சொல்லில் நின்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. கூடவே எரிச்சலாகவும் இருந்தது. வென்றது நான், முடிவைக் கேட்டது அவள்.

"எப்படி இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"சொல்லத் தெரியா. இருந்திச்சு. பிறகு இல்ல."

இதற்குள் எதிர்வீட்டுப் பெண்மணி போய், ஒரு பெரிய சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மவுத்து வீட்டில் அடுப்பு எரியாது, அயல்தான் சமைத்துக் கொடுக்கும். காலையில் வெள்ளைத் துணியைக் கண்டதுமே உலை வைத்திருக்கிறாள். இறைச்சியும் போட்டிருக்கிறாள். "திருப்பிக் கொண்டு போகவா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள். இறக்கி வைக்கச் சொன்னேன். என் பேரில் ஆக்கிய சோற்றை நான் சாப்பிடாமல் யார் சாப்பிடுவது.

முற்றத்தில் வட்டமாக இருந்து சாப்பிட்டோம். கபனுக்குக் குறைத்த விலையைத் திருப்பித் தரச் சொல்லித் துணிக்கடைக்காரர் கேட்டார், சூன் பாண்காரர் தன் பணிஸையும் சேர்த்துக் கேட்டார். நான் இரண்டு பேரையும் ஏசினேன். ஏசியதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது.

மனைவி எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி போட்டாள். "நீங்க பாதிலயே இறங்கிட்டீங்க," என்றாள். "நாளைக்கு ளுஹருக்குப் பிறகு அறைக்கு வாங்க. எங்க முடியுதெண்டு காட்டித் தாறன்."

என்னுடைய அறைக்கு என்னையே கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன்.